உப்புக்காற்றில் மாடல் ரயில்: முதலில் தண்டவாளம், அப்புறம்தான் எஞ்சின்

ராமநாதபுரம் கடற்கரையில் கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் பக்கத்து வீடுகளுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிகளில் சாக்லேட்டோடும் சென்ட் பாட்டிலோடும் சில சமயம் ஒரு மாடல் ரயிலும் வருகிறது. முதல் நாள் வீடே சுற்றி நின்று பார்க்க, ஜோராக ஓடும். கொஞ்ச நாளில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் தயங்கும். அப்புறம் விளக்கு மினுக்கும், விரலால் தள்ளிவிட்டால்தான் நகரும். கடைசியில் பரணுக்குப் போய்விடும். "எஞ்சின் போச்சு" என்பதுதான் வழக்கமான தீர்ப்பு. பெரும்பாலும் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மின்சாரம் தண்டவாளத்திலிருந்து மோட்டாருக்குப் போய்ச் சேரும் வழி எங்கோ அடைபட்டிருக்கும்.

அந்த வழியைப் புரிந்துகொண்டால் மாடல் ரயிலில் பாதி வேலை முடிந்தது. புதிதாக வாங்குவதா, எதை மேம்படுத்துவது, காசை எங்கே போடுவது என்ற கேள்விகளுக்கும் அதிலேயே விடை இருக்கிறது. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

மின்சாரம் போகும் பாதை

பேட்டரியில் ஓடும் பொம்மை ரயிலுக்குச் சக்தி வண்டிக்குள்ளேயே இருக்கிறது. தண்டவாளம் வெறும் தடம். மாடல் ரயிலில் தண்டவாளமே மின்கம்பி. கன்ட்ரோலரிலிருந்து வரும் இரண்டு கம்பிகளில் ஒன்று இடது தண்டவாளத்துக்கும் மற்றொன்று வலது தண்டவாளத்துக்கும் போகிறது. எஞ்சினின் இடது சக்கரங்களும் வலது சக்கரங்களும் ஒன்றையொன்று மின்சாரத்தால் தொடாதபடி நடுவில் பிளாஸ்டிக் வைத்துப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு சக்கரத்தின் உட்புறத்தையும் ஒரு மெல்லிய உலோகத் தகடு உரசிக்கொண்டிருக்கும். அந்தத் தகடுதான் மின்சாரத்தை எடுத்து மோட்டாருக்குக் கொடுக்கிறது. மோட்டாரைச் சுற்றிவிட்டு அது எதிர்ப்பக்கச் சக்கரம் வழியாக மற்றத் தண்டவாளத்துக்குத் திரும்புகிறது.

கன்ட்ரோலரின் குமிழைத் திருப்பினால் வோல்ட் ஏறும், வண்டி வேகமெடுக்கும். பெரும்பாலான மாடல்களுக்கு உச்சம் 12 வோல்ட், நேர்மின்சாரம் (டிசி). பிளஸ்ஸையும் மைனஸையும் இடம் மாற்றினால் வண்டி பின்னோக்கிப் போகும். அடிப்படை இவ்வளவுதான்.

இப்போது இந்தப் பாதையில் எத்தனை இடங்களில் உலோகமும் உலோகமும் சும்மா தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். கன்ட்ரோலரின் முனை, தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஜாயினர்கள், தண்டவாளமும் சக்கரமும், சக்கரமும் தகடும். எங்கேயும் பற்றவைப்பு இல்லை, எல்லாம் அழுத்தத்தால் மட்டும் தொட்டுக்கொண்டிருப்பவை. அந்த அழுத்தமோ மிகக் குறைவு. சின்ன எஞ்சின் என்றால் மொத்த எடையே நூறு கிராமைச் சுற்றித்தான் இருக்கும். அது எட்டுச் சக்கரங்களுக்குப் பங்கு போகிறது. சக்கரமும் தண்டவாளமும் தொடும் இடம் ஊசிமுனை அளவு. அந்த ஊசிமுனையில் ஒரு மெல்லிய படலம் படிந்தால் போதும், மின்சாரம் நின்றுவிடும். நிஜ எஞ்சினின் எடை அதன் சக்கரத்தடியில் இருக்கும் எல்லாவற்றையும் நசுக்கிவிடும். நம் எஞ்சினுக்கு அந்த வசதி இல்லை.

உப்பு செய்யும் வேலை

படலம் எங்கிருந்து வருகிறது? வீட்டுத்தூசி, சமையலறை எண்ணெய்ப்புகை, விரல்ரேகை, பிளாஸ்டிக் சக்கரங்கள் தேய்ந்து விடும் கரி, சக்கரத்தடியில் தெறிக்கும் சின்னச்சின்ன தீப்பொறிகளின் கறுப்பு. எல்லா ஊரிலும் இவை உண்டு. நம் கரையில் கூடவே உப்பு வருகிறது.

கடற்காற்றில் மிதந்து வரும் உப்புத்துகள் எங்கும் படியும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரணச் சமையல் உப்பே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவது இதனால்தான். தண்டவாளத்தின் மேலும் அதே கசிவுதான் நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் உலோகத்தை அரிக்கும். ஐப்பசியிலிருந்து தை வரை வாடைக்காற்று அடிக்கும்போது பாக் விரிகுடாவான வடகடல் பக்கத்து வீடுகளில் இது அதிகம். மன்னார் வளைகுடாவான தென்கடல் பக்கத்தில் தென்மேற்குக் காற்று அடிக்கும் கச்சான் காலம் மோசம். உங்கள் வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அதைப் பொறுத்து உங்கள் கஷ்டகாலம் மாறும்.

பாம்பன் பாலத்தோடு மல்லுக்கட்டிய பொறியாளர்களுக்கும் எதிரி இதுதான். 1914இல் திறந்த பழைய பாலத்தை நூறாண்டுக்கு மேல் காப்பாற்றியது ஓயாமல் பெயின்ட் அடித்த கைகள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குப் பாலிசிலாக்ஸேன் பூச்சு, துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பற்றவைத்த இணைப்புகள் என்று திட்டமிட்டே கட்டினார்கள். அந்தப் பட்டியலில் கடைசியாக உள்ளதை மனதில் வையுங்கள். இணைப்பு என்பது உப்பு புகும் வாசல். இது மாடல் ரயிலுக்கும் அப்படியே பொருந்தும்.

அதனால் தண்டவாளம் வாங்கும்போதே உலோகத்தைக் கேளுங்கள். மலிவான செட்டுகளில் எஃகுத் தண்டவாளம் வரும், இங்கே அது துருவேறிவிடும். பித்தளை துருவேறாது, ஆனால் அதன்மேல் படியும் ஆக்ஸைடு மின்சாரத்தைத் தடுக்கும். நிக்கல் சில்வர் என்று விற்கும் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவைதான் நமக்குச் சரி. அதுவும் மங்கும், ஆனால் மெதுவாக. விலை கொஞ்சம் கூடினாலும் இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

அளவுகள் பல உண்டு. தொடங்குபவருக்கு இரண்டு போதும். எச்ஓ அளவு நிஜத்தில் 87இல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். 'என்' அளவு 160இல் ஒரு பங்கு, இடைவெளி 9 மில்லிமீட்டர். ஆங்கிலேயர்களின் ஓஓ அளவு 76இல் ஒரு பங்கு, ஆனால் ஓடுவது அதே 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில்தான். நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். எச்ஓவில் கணக்காகச் செய்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும். 16.5 என்பது ஐரோப்பிய, அமெரிக்கப் பாதையின் அளவு. நம்மூர் வண்டியை எச்ஓவில் ஓட்டும் பலர் இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்வதில்லை. அதில் தவறொன்றும் இல்லை.

இடம்தான் முடிவு செய்யும். நாம் சின்ன வயதிலிருந்து பார்த்த நீல நிற, சென்னை ஐசிஎஃப் தொழிற்சாலைப் பெட்டியின் உடல்நீளம் ஏறக்குறைய 21.3 மீட்டர். எச்ஓவில் அது 24.5 சென்டிமீட்டர், 'என்' அளவில் 13.3 சென்டிமீட்டர். வளைவின் ஆரம் நீளமான பெட்டியைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு இருந்தால் வண்டி பெரும்பாலும் தடம்புரளாமல் ஓடும். 'என்' அளவில் 35 முதல் 40 சென்டிமீட்டர் ஆரம் போதும், ஒரு மீட்டர் அகலப் பலகையில் முழு வட்டம் அடங்கும். எச்ஓவில் அதே வட்டத்துக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டும், பாதி அறை போய்விடும். நம் வீடுகளுக்கு நான் 'என்' அளவைத்தான் சொல்வேன். ஒரே ஒரு எச்சரிக்கை: வண்டி சிறியது என்றால் எடையும் குறைவு, ஆகவே அழுக்கு அதை இன்னும் சீக்கிரம் நிறுத்தும்.

இரண்டு விஷயங்களில் கவனம் பிசகினால் பெரிய நஷ்டம். முதலாவது, கன்ட்ரோலரின் மின்சாரம். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவில் 120. கேட்டோ, டோமிக்ஸ் போன்ற ஜப்பானியத் தயாரிப்புகளை அந்த நாட்டுச் சந்தைக்கென்று விற்றதை வாங்கி, பிளக்கை மட்டும் மாற்றி நம் 230 வோல்ட்டில் சொருகினால் புகைதான் வரும். அடாப்டரின் முதுகில் உள்ள எழுத்தைப் படியுங்கள். '100–240' என்றிருந்தால் கவலை இல்லை. வெறும் '100' என்றிருந்தால் அதற்கேற்ற டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். இரண்டாவது, மார்க்லின் எச்ஓ. ஜெர்மனியிலிருந்து வரும் அந்த வண்டிகள் மாறுமின்சாரத்தில் ஓடுபவை. தண்டவாளத்தின் நடுவில் இருக்கும் சின்னப் புள்ளிகளிலிருந்து மின்சாரம் எடுப்பவை. அவற்றின் சக்கரங்கள் இடதுவலதாகப் பிரிக்கப்பட்டிருக்காது. அந்தப் பெட்டியைச் சாதாரண இருதண்டவாளப் பாதையில் வைத்தால் நேராக ஷார்ட் சர்க்யூட். வாங்கி அனுப்பும் மச்சானிடமோ சின்னத்தாவிடமோ முன்கூட்டியே "இருதண்டவாள டிசி" என்று சொல்லிவிடுவது நல்லது.

துடைப்பது எப்படி

மருந்துக்கடையிலோ எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பாட்டில், பழைய வேட்டித்துணி. ஆரம்பத்துக்கு இவ்வளவுதான் கருவி. கன்ட்ரோலரை அணைத்து, ஜன்னலைத் திறந்து வைத்து, அக்கம்பக்கத்தில் நெருப்பு இல்லை என்று பார்த்துக்கொண்டு, நனைத்த துணியை விரலில் சுற்றித் தண்டவாளத்தின் மேல்முகத்தையும் உள்விளிம்பையும் தேயுங்கள். துணியில் கறுப்பு வருவது நின்றதும் காய்ந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். பிளாஸ்டிக்கைக் கெடுக்காத காண்டாக்ட் கிளீனர் கிடைத்தால் கடைசியாக அதில் லேசாக ஒரு துடைப்பு கொடுக்கலாம், அழுக்கு திரும்பச் சேர நாளாகும். மென்மையான 4பி பென்சிலின் கரியைத் தண்டவாளத்தின் உள்விளிம்பில் மெல்லியதாக ஒரு இழுப்பு இழுப்பதும் பலன் தரும். அதிகமாகத் தடவினால் ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும்.

உப்புத்தாளும் எஃகு நாரும் கூடவே கூடாது. தேய்த்தவுடன் பளபளக்கும், உண்மைதான். ஆனால் அது விட்டுச்செல்லும் கீறல்களில்தான் அடுத்த அழுக்கு போய் ஒட்டும். எஃகு நாரின் தூள் மோட்டாரின் காந்தத்தில் சிக்கினால் மோட்டாரே போய்விடும். மண்ணெண்ணெயும் வேண்டாம், அது பிசுக்கை விட்டுச்செல்லும்.

தண்டவாளத்தை மட்டும் துடைத்துவிட்டு "இன்னும் ஓடவில்லையே" என்று வருத்தப்படுபவர்கள் மறந்தது சக்கரத்தை. இதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது. டிஷ்யூ பேப்பர் ஒன்றை ஆல்கஹாலில் நனைத்துத் தண்டவாளத்தின் குறுக்கே விரியுங்கள். எஞ்சினின் அடியில் முன்னும் பின்னும் இருக்கும் சக்கரத்தொகுதிகளுக்குப் போகி என்று பெயர். ஒரு போகி அந்தத் தாளின் மேலும், மற்றது வெறும் தண்டவாளத்தின் மேலும் இருக்கட்டும். வெறும் தண்டவாளத்தில் நிற்கும் போகி மின்சாரம் எடுக்கும், தாளின் மேல் நிற்கும் சக்கரங்கள் சுழலும். எஞ்சின் நகராமல் விரலால் பிடித்துக்கொண்டு மெதுவாக ஓட்டுங்கள். சில விநாடிகளில் வெள்ளைத் தாளில் மைகொட்டியதுபோல் இரண்டு கறுப்புக் கோடுகள் விழும். தாளை நகர்த்தி மறுபடி ஓட்டினால் கோடு சாம்பலாகும், அப்புறம் வெறும் ஈரமாகும். பிறகு எஞ்சினைத் திருப்பி மறுபோகிக்கும் அதையே செய்யுங்கள். "எஞ்சின் போச்சு" என்று ஒதுக்கிய வண்டிகளில் பல இதோடு ஓடத் தொடங்கிவிடும்.

பெட்டிகளின் சக்கரங்கள் பிளாஸ்டிக் என்றால் அவையே அழுக்கைச் சுமந்து தண்டவாளம் முழுக்கப் பூசுபவை. மேம்படுத்துவது என்று வந்தால் முதலில் அவற்றை எடுத்துவிட்டு உலோகச் சக்கரம் போடுங்கள். செலவு சிறியது, பலன் பெரியது. எண்ணெய் விடும்போது பிளாஸ்டிக்குக்கு உகந்த மெல்லிய எண்ணெயை ஊசிமுனையில் தொட்டு அச்சு முனைக்கு ஒரு துளி. தேங்காயெண்ணெய் பிசினாகிவிடும், துருநீக்கும் ஸ்பிரே பிளாஸ்டிக்குக்கு ஆகாது.

ஜாயினரை நம்பாதீர்கள்

பாதையில் கன்ட்ரோலரின் கம்பி ஒரே இடத்தில்தான் இணைகிறது. எதிர்முனைக்கு மின்சாரம் ஏழெட்டு ஜாயினர்களைக் கடந்துதான் போக வேண்டும். புதிதில் சரி. உப்பு புகுந்த பிறகு ஒவ்வொரு ஜாயினரும் கொஞ்சம் மின்தடையைச் சேர்க்கும். வண்டி கன்ட்ரோலர் பக்கத்தில் பறக்கும், எதிர்ப்பக்கத்தில் தவழும். இதைப் பார்த்தால் எஞ்சினைத் திறக்காதீர்கள்.

சோதிக்க மல்டிமீட்டர் ஒன்று போதும். ஆனால் வெறும் தண்டவாளத்தில் மீட்டரை வைத்தால் எல்லா இடத்திலும் 12 வோல்ட் காட்டி ஏமாற்றும். மின்சாரம் ஓடினால்தான் மின்தடை தெரியும். பைக் உதிரிபாகக் கடையில் 12 வோல்ட் 5 வாட் பல்பு ஒன்று வாங்கி எதிர்முனைத் தண்டவாளங்களுக்குக் குறுக்கே இணையுங்கள். அது ஏறக்குறைய 0.4 ஆம்பியர் இழுக்கும், ஓர் எஞ்சின் இழுக்கும் அளவுதான். இப்போது அளந்தால் உண்மை தெரியும். கன்ட்ரோலர் பக்கம் 12, எதிர்முனையில் 11.5 என்றால் பரவாயில்லை. 10 என்றால் வழியில் ஐந்து ஓம் மின்தடை உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

தீர்வு எளிது. பலகைக்கு அடியில் இரண்டு தடித்த கம்பிகளைப் பாதை நெடுக ஓட்டுங்கள். வீட்டு ஒயரிங்குக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக்கம்பி தாராளம். அதிலிருந்து ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஒன்றாக மெல்லிய கிளைக்கம்பிகளை மேலே கொண்டுவந்து தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் பற்றவையுங்கள். வெளியூர்க்காரர்களுக்கு மீட்டருக்கு ஒன்று போதும். உப்புக்காற்று வீட்டில் ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் ஒன்று கொடுத்துவிடுவதே என் வழக்கம். அதன்பிறகு ஜாயினரின் வேலை தண்டவாளத்தை நேராகப் பிடித்துக்கொள்வது மட்டும்தான். அது களிம்பேறினாலும் வண்டி நிற்காது.

பற்றவைக்கும்போது ரோசின் உள்ள ஈயக்கம்பியைப் பயன்படுத்துங்கள். அமிலம் கலந்த பேஸ்ட் பாத்திரக்காரர்களுக்கு உரியது. அதன் மிச்சம் ஈரக்காற்றில் உலோகத்தைத் தின்றுகொண்டே இருக்கும். பற்றவைத்த இடத்தை ஆல்கஹாலில் துடைத்து, கம்பி இணைப்புகளுக்கு வெப்பத்தில் சுருங்கும் உறை மாட்டினால் நெடுநாள் தாங்கும். எல்லா ஜாயினர்களையும் பற்றவைத்து அடைத்துவிட வேண்டாம். மரப்பலகை ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும். தண்டவாளத்துக்கு ஆங்காங்கே அரை மில்லிமீட்டர் இடைவெளி இல்லாவிட்டால் நெளிந்துவிடும்.

பலகையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை இந்தக் கரையில் ஒரு மழைக்காலம் தாங்காது, விளிம்பு உப்பிவிடும். மெரைன் பிளைவுட் வாங்கி இருபுறமும், முக்கியமாக வெட்டுமுனைகளிலும், பெயின்ட் அடியுங்கள்.

மேம்படுத்துவதன் வரிசை

தண்டவாளம், சக்கரம், கிளைக்கம்பி. இம்மூன்றும் முடிந்தபின் கன்ட்ரோலர். செட்டோடு வரும் மலிவுக் கன்ட்ரோலரில் வண்டி மெல்ல நகராது, நின்ற இடத்திலிருந்து குதித்துப் புறப்படும். மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாக விடும் பிடபிள்யூஎம் வகை கன்ட்ரோலர் இதைச் சரிசெய்யும். 12 வோல்ட் ஒரு ஆம்பியர் அடாப்டரோடு, டிசி மோட்டாருக்கான வேகக்கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றைச் சென்னை ரிச்சி தெருவிலோ இணையத்திலோ வாங்கிச் செய்துகொள்பவர்கள் உண்டு. முன்பின் திருப்பும் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரும்பு மையம் இல்லாத கோர்லெஸ் மோட்டார் உள்ள எஞ்சினுக்குக் குறைந்த அதிர்வெண் துடிப்பு ஆகாது, சூடேறிவிடும். அதற்கு 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட துடிப்போ, சீரான நேர்மின்சாரமோ வேண்டும்.

அடுத்தது எடை. பெட்டிகள் எடை குறைவாக இருந்தால் வளைவில் தடம்புரளும். அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏவின் பரிந்துரைப்படி கணக்குப் போட்டால் எச்ஓ அளவு ஐசிஎஃப் பெட்டிக்கு 165 கிராம், 'என்' அளவுப் பெட்டிக்கு 36 கிராம் வருகிறது. எடைக்கு நாம் எங்கேயும் அலைய வேண்டாம். வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு மண்டபத்திலோ பாம்பனிலோ எந்த வலைக்கடையிலும் கிடைக்கும். தட்டித் தட்டையாக்கிப் பெட்டியின் தரையில் அச்சுகளுக்கு மேலாக வையுங்கள். ஆனால் ஃபெவிக்கால் போன்ற வெள்ளைப் பசையால் ஒட்டாதீர்கள். ஈயமும் அந்தப் பசையும் ஈரமும் சேர்ந்தால் ஈயம் வெள்ளையாகப் பூத்து உப்பி, பெட்டியின் பக்கச்சுவரையே பிளந்துவிடும். எபாக்ஸியோ இரட்டைப்பக்க டேப்போ போதும். வேலை முடிந்ததும் கையை நன்றாகக் கழுவுங்கள், பிள்ளைகளிடம் ஈயத்தைக் கொடுக்க வேண்டாம்.

பெட்டிக்குள் விளக்கு போட ஆசைப்படாதவர் இல்லை. கணக்கு இதுதான்: வெள்ளை எல்இடி 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். 12இல் மிச்சம் 9 வோல்ட். அதை ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் வழியாக விட்டால் 9 மில்லிஆம்பியர், எல்இடிக்குப் போதுமான வெளிச்சம். வண்டி பின்னால் போகும்போதும் எரிய வேண்டுமென்றால் நடுவில் ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையர் வையுங்கள், மின்சாரம் எந்தத் திசையில் வந்தாலும் அது ஒரே திசையில் விடும்.

டிஜிட்டல் முறையான டிசிசி பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். சாதாரண டிசியில் ஒரு பாதையில் இரண்டு எஞ்சின் வைத்தால் இரண்டும் சேர்ந்தே ஓடும், சேர்ந்தே நிற்கும். டிசிசியில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம், ஏறக்குறைய 14 வோல்ட், திசை மாறி மாறித் துடித்துக்கொண்டிருக்கும். அந்தத் துடிப்பின் நீளத்தில்தான் செய்தி இருக்கிறது. குட்டையான துடிப்பு, 58 மைக்ரோவிநாடி, ஒன்று எனப் பொருள்படும். 100 மைக்ரோவிநாடியோ அதற்கு மேலோ நீண்டால் பூஜ்யம். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் டிகோடர் என்ற சின்னப் பலகை உண்டு. தன் எண்ணுக்கு வந்த செய்தியை மட்டும் படித்து மோட்டாருக்கு மின்சாரம் விடும். புது டிகோடரின் எண் வழக்கமாக 3. ஆர்டுயினோ மெகா என்ற சின்னக் கணினிப் பலகையும் அதன்மேல் பொருத்தும் மோட்டார் ஷீல்டும் வாங்கி, டிசிசி-இஎக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் சொந்தமாகவே டிசிசி நிலையம் அமைக்கலாம். கணினி தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அருமையான விடுமுறை வேலை.

ஆனால் அழுக்குப் பாதைக்கு டிசிசி மருந்தல்ல. டிசியில் கண்ணிமைக்கும் நேரம் தொடர்பு விட்டால் வண்டி சும்மா குலுங்கும், அவ்வளவுதான். டிசிசியில் டிகோடர் அணைந்து மறுபடி விழிக்க வேண்டும். அதனால்தான் இதைக் கடைசியில் வைக்கிறேன். போட்டபிறகு ஒரு காசுச் சோதனை செய்யுங்கள். பாதையின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு ரூபாய்க் காசைத் தண்டவாளங்களுக்குக் குறுக்கே வையுங்கள். நிலையம் உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். எங்காவது துண்டிக்காவிட்டால் அந்த இடத்துக் கம்பி பலவீனம், வண்டி தடம்புரண்டால் அங்கே ஏதாவது உருகும். இன்னொன்று, டிசி கன்ட்ரோலரையும் டிசிசி நிலையத்தையும் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் இணைக்கவே கூடாது.

கரையைப் பலகையில் கொண்டுவருவது

நம் ஊரை மாடலாகச் செய்ய விரும்புபவர்களுக்கு இரண்டு சொல். கடல்மணலை அப்படியே அள்ளிவந்து கொட்டாதீர்கள். அதில் உப்பும் உண்டு, காந்தத்தில் ஒட்டும் கறுப்புத்துகளும் உண்டு. அந்தத் துகள் எஞ்சினுக்குள் போனால் கியரையும் மோட்டாரையும் அரிக்கும். நல்லதண்ணீரில் பலமுறை அலசி, வெயிலில் காயவைத்து, காகிதத்தில் சுற்றிய காந்தத்தை அதன்மேல் ஓட்டி, ஒட்டுவதை எல்லாம் நீக்கியபின் பசையிட்டு இறுக்குங்கள். பவளத்துண்டு அழகாக இருக்கிறது என்று எடுக்க வேண்டாம். மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, பவளம் எடுப்பது சட்டப்படி குற்றம். காய்ந்த பனையோலை நரம்பில் வேலி, தென்னந்தும்பில் புல் என்று எத்தனையோ வழி இருக்கிறது.

வண்டிகளை ஓட்டாத நாளில் காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நீல மணி இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது, அடுப்பின் மிதமான சூட்டில் காயவைத்தால் திரும்ப நீலமாகும். பாதைக்கு ஒரு போர்வை போதும், ஓட்டி முடித்ததும் மூடிவிடுங்கள்.

இந்தக் கரையில் மாடல் ரயில் வைத்திருப்பவர் எவரும் ஒருநாள் பாம்பனைச் செய்ய நினைப்பார். பழைய பாலத்தின் 2.06 கிலோமீட்டரை 'என்' அளவில் முழுதாகச் செய்தால் ஏறக்குறைய 13 மீட்டர் வேண்டும், அது வீட்டுக்குள் நடக்காது. ஆனால் புதிய பாலத்தில் கப்பலுக்கு வழிவிட மேலே எழும் தூக்குப் பகுதி மட்டும் என்றால் 72.5 மீட்டர், 'என்' அளவில் 45 சென்டிமீட்டர். அது 17 மீட்டர் உயர்கிறது, நமக்கு 10.6 சென்டிமீட்டர். இருபுறமும் 18.3 மீட்டர் கண்கள், அதாவது 11.4 சென்டிமீட்டர் வீதம் நாலைந்து சேர்த்தால் ஒரு பலகைக்குள் பாம்பன் வந்துவிடும்.

இதில் முதல் வேலை பாலத்தைத் தூக்கும் மோட்டார் அல்ல, மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச். தூக்குப் பகுதிக்கு இருபுறமும் ஒரு தண்டவாளத்தில் இடைவெளி விட்டு, பாலத்தின் வாயில்வரை உள்ள கடைசி 40 சென்டிமீட்டரைத் தனித்துண்டாக்குங்கள். அந்தத் துண்டுகளுக்குப் போகும் மின்சாரம், பாலம் இறங்கி உட்காரும்போது அழுத்தப்படும் மைக்ரோசுவிட்ச் வழியாகப் போகட்டும். இருமுனையிலும் ஒவ்வொரு சுவிட்ச் வைத்துத் தொடராக இணையுங்கள். பாலம் ஒரு மில்லிமீட்டர் தூக்கியிருந்தாலும் வண்டி வாயிலுக்கு முன்பே நின்றுவிடும், தரையில் விழாது. டிசிசி ஓட்டுபவர்கள், டிகோடரோடு மின்தேக்கி வைத்திருந்தால் அந்த 40 சென்டிமீட்டரை இன்னும் நீட்ட வேண்டும். மின்சாரம் போன பிறகும் எஞ்சின் சிறிது தூரம் ஓடும், அது எவ்வளவு என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். தூக்குப் பகுதிக்கான கம்பி ஒற்றைக்கம்பியாக இருந்தால் ஏறி இறங்கி முறிந்துவிடும். பல இழை கொண்ட மெல்லிய கம்பியைக் கோபுரத்தின் உள்ளே தொங்கவிட்டு, 10.6 சென்டிமீட்டர் உயர்வுக்குத் தாராளமாக நீளம் கொடுத்து, இருமுனையையும் பற்றவையுங்கள்.